முதல் இரண்டு மணி நேரம்

(திருவனந்தபுரத்தில் தமிழ் அன்பர்கள் கூடிய அவையில் ஒரு வழக்கறிஞர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டால் என்ன ஆகும்? வஞ்சியூர் நீதிமன்றத்துக்கு வெளியே டீக்கடையில் நிற்கும் யாரிடம் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். "பத்தாயிரம் கட்டணும், வேற என்ன?"

இந்தப் பதிலில் மூன்று பிழைகள் இருக்கின்றன. ஒன்று, இது கட்டிவிட்டுப் போகிற பணம் அல்ல. இரண்டு, வரப்போகும் இழப்புகளில் பத்தாயிரம்தான் ஆகச் சிறியது. மூன்றாவது பிழைதான் பெரியது. தண்டனை எவ்வளவு என்பதைச் சட்டப் புத்தகம் தீர்மானிப்பதாக நாம் நினைக்கிறோம். நடைமுறையில் அதைத் தீர்மானிப்பது கடிகாரம். வண்டி நின்ற நிமிடத்திலிருந்து முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் யார் என்ன செய்தார்கள், என்ன செய்யாமல் விட்டார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பின்னால் வரும் எல்லாமே அமையும். இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான். அதற்கு முன், சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 185ஆம் பிரிவு இதற்கானது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வண்டி ஓட்டுவது குற்றம். ஓட்ட முயல்வதும் குற்றம்தான். முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு அபராதம் வெறும் 2,000, 3,000 ரூபாய் வரைதான் இருந்தது.

30 மில்லிகிராம் என்பது உலக அளவில் கண்டிப்பான வரம்பு. இங்கிலாந்தில் 80. சிங்கப்பூரிலும் 80. லண்டனில் ஒருவர் சட்டப்படி காரெடுத்துப் போகக்கூடிய அளவு குடித்துவிட்டுப் பட்டம் சந்திப்பைக் கடந்தால், இங்கே அவர் குற்றவாளி. ஆகவே நம் சட்டம் மென்மையானது என்று யாரும் குறை சொல்ல முடியாது.

இனி முதல் பிழை. ஹெல்மெட் இல்லை, சிக்னலை மீறினார் என்றால் அந்த இடத்திலேயே இணக்கக் கட்டணம் கட்டித் தீர்த்துக்கொள்ளலாம். அதற்குச் சட்டத்தின் 200ஆம் பிரிவு வழி செய்கிறது. அந்தப் பட்டியலில் 185 இல்லை. 2019 அக்டோபரில் கேரள அரசு பல போக்குவரத்துக் குற்றங்களுக்கான தொகையைக் குறைத்தபோதும் இதில் கை வைக்கவில்லை. அப்படி வைக்கவும் முடியாது. குடித்து ஓட்டியவர் மாஜிஸ்திரேட் முன்னால் போய்த்தான் நிற்க வேண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். ஆனால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமும் கூட. காவல் நிலையப் பதிவேட்டில் பெயர் ஏறுகிறது. நீதிமன்றத்தில் வழக்கு எண் விழுகிறது. பத்தாயிரம் கட்டி வெளியே வருகிறவர், தண்டிக்கப்பட்டவர் என்ற அடையாளத்தோடுதான் வருகிறார். பணத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது பிழைக்கு வருவோம். பத்தாயிரத்துக்குப் பின்னால் வரிசையில் நிற்பவை என்னென்ன?

முதலில் லைசென்ஸ். 2019 திருத்தத்தின்படி, குடித்து ஓட்டியதாக நம்பக் காரணம் இருந்தால் காவல் அதிகாரி லைசென்ஸைக் கைப்பற்றி, உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் இயங்கியபோது, 2015லேயே எல்லா மாநிலங்களுக்கும் ஓர் உத்தரவு போட்டது. குடித்து ஓட்டுவது உள்ளிட்ட சில குற்றங்களுக்குக் குறைந்தது 3 மாதம் லைசென்ஸை நிறுத்திவைக்க வேண்டும் என்றது. இரண்டாம் முறை தண்டனை பெற்றால் லைசென்ஸை ரத்து செய்தே ஆக வேண்டும் என்று 22ஆம் பிரிவு நீதிமன்றத்துக்குக் கட்டளையிடுகிறது. இந்த அவையில் களியக்காவிளையைத் தாண்டி அன்றாடம் போய்வருகிறவர்கள் இருப்பீர்கள். உரிமம் இந்தியா முழுமைக்கும் ஒன்று. பாறசாலைக்கு இந்தப் பக்கம் ரத்தானால் மார்த்தாண்டத்திலும் ரத்துதான். டாக்ஸியோ லாரியோ ஓட்டிப் பிழைக்கிறவருக்கு மூன்று மாதம் என்பது மூன்று மாதச் சோறு.

அடுத்தது வேலை. 2024 ஏப்ரலில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் தன் பணியாளர்களைப் பணிக்கு ஏறும் முன் ஊதச் சொல்லிச் சோதிக்கத் தொடங்கியது. முதல் இரண்டு வாரத்திலேயே ஏறக்குறைய நூறு பேர் மீது நடவடிக்கை. நிரந்தரப் பணியாளர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். தற்காலிகப் பணியாளர்கள் வேலையை விட்டே அனுப்பப்பட்டார்கள். அங்கே நீதிமன்றமும் இல்லை, வழக்கும் இல்லை. கருவி காட்டிய எண்ணே போதுமானதாக இருந்தது.

பிறகு பாஸ்போர்ட். நம் வீடுகளில் ஒருவராவது வளைகுடாவில் இருக்கிறார், அல்லது போகக் காத்திருக்கிறார். குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கப் பாஸ்போர்ட் சட்டத்தின் 6ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்கி வந்தால்தான் கதவு திறக்கும். வேலைக்கான விசாவுக்குக் காவல்துறைச் சான்றிதழ் கேட்கும் நாடுகளில் இந்த வழக்கு அதிலும் குறுக்கே நிற்கக்கூடும். நேர்காணலில் தேறி, டிக்கெட் எடுக்கும் நேரத்தில், பழைய ராத்திரி ஒன்று வந்து வாசலை மறிக்கும்.

போய்ச் சேர்ந்த இடத்தில் இன்னும் கடுமை. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2025 மார்ச் 29இல் நடைமுறைக்கு வந்த புதிய போக்குவரத்துச் சட்டத்தில், குடித்து ஓட்டினால் 20,000 முதல் 1,00,000 திர்ஹம் வரை அபராதம் உண்டு, சிறையும் உண்டு. சிங்கப்பூரில் வரம்பு தளர்வானது என்று சற்று முன் சொன்னேன். ஆனால் அங்கே முதல் தண்டனைக்கே குறைந்தது 2 ஆண்டு வண்டி ஓட்டத் தடை.

அடுத்து இன்சூரன்ஸ். இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் பலர் வீட்டை விற்கிற நிலைக்கு வருவது இங்கேதான். குடித்து ஓட்டி உங்கள் காரை நொறுக்கினால் உங்கள் காருக்கான இழப்பீடு வராது. பாலிசியிலேயே அந்த விலக்கு இருக்கிறது. அடிபட்ட மூன்றாம் நபருக்கு? 2023 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது: ஓட்டுநர் குடித்திருந்தார் என்பதற்காக அடிபட்டவர் தண்டிக்கப்படக் கூடாது, காப்பீட்டு நிறுவனம் முதலில் அவருக்குப் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு ஓட்டுநரிடமும் உரிமையாளரிடமும் வசூலித்துக்கொள்ளட்டும்.

வசூலிக்கும் தொகை எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சொந்தத் தொழில் செய்து மாதம் 30,000 ரூபாய் சம்பாதிக்கும் 34 வயதுக்காரர் இறந்துவிட்டார், மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள் என்று வையுங்கள். உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் மாதம் 42,000. அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 28,000. அதை 12 மாதத்தால் பெருக்கி, அந்த வயதுக்கான பெருக்கல் எண் 16ஆல் மீண்டும் பெருக்குங்கள். 53,76,000 ரூபாய். இதற்கு மேல் வட்டி, ஈமச்செலவு, இன்ன பிற. டீக்கடைப் பத்தாயிரம் எங்கே, இது எங்கே? 2019 திருத்தம், குடிபோதையைக் காப்பீட்டு நிறுவனங்கள் எழுப்பக்கூடிய எதிர்வாதமாகச் சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டது. எந்த வழியில் போனாலும் கடைசிச் சீட்டு வண்டிக்காரர் பெயரில்தான் கிழிக்கப்படும்.

ஓட்டியவரோடு இது நிற்பதும் இல்லை. 188ஆம் பிரிவு உடந்தையாக இருப்பவரையும் அதே தண்டனைக்குள் கொண்டுவருகிறது. "நீ ஓட்டுடா, பாத்துக்கலாம்" என்று சாவியை நீட்டுகிற நண்பர், தான் வெறும் பயணி என்று சொல்லித் தப்பிக்க முடியாமல் போகலாம்.

இவற்றில் பெரும்பாலானவை யாருக்கும் அடிபடாத நிலையிலேயே வரக்கூடியவை. உயிர் போய்விட்டால்? அப்போது கேள்வியே மாறிவிடுகிறது. அந்த மரணம் அலட்சியமா, கொலைக்குற்றமாகாத மரணம் விளைவித்தலா?

2024 ஜூலை 1க்கு முன் நடந்தவற்றுக்கு இந்திய தண்டனைச் சட்டம் பொருந்தும். அதில் 304 'ஏ' பிரிவின்படி அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் அதிகபட்சம் 2 ஆண்டு. 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியின்படி, இதனால் உயிர் போகக்கூடும் என்று அறிந்தே செய்தால் 10 ஆண்டு வரை. புதிய பாரதிய நியாய சங்ஹிதாவில் முதலாவது 106ஆம் பிரிவாகி 5 ஆண்டு வரை உயர்ந்திருக்கிறது. இரண்டாவது 105ஆம் பிரிவு, 10 ஆண்டு வரை. அறிந்து செய்தாரா என்ற ஒரு கேள்விதான் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. குடித்திருந்தார் என்பது நிரூபணமானால் அந்தக் கேள்விக்கான விடை கனக்கிறது.

மும்பையில் 2006 நவம்பர் 12 அதிகாலை, கார்ட்டர் ரோட்டில் நடைபாதையில் படுத்திருந்த தொழிலாளர்கள் மீது கார் ஏறி ஏழு பேர் இறந்தார்கள். ஓட்டிய அலிஸ்டர் பெரேராவுக்கு 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியின் கீழ் விதித்த 3 ஆண்டுச் சிறையை 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. டெல்லியில் 1999 ஜனவரி 10 அன்று ஆறு பேர் உயிரைப் பறித்த பி.எம்.டபிள்யூ வழக்கிலும், 2012 ஆகஸ்டில் அதே பிரிவின் கீழ்தான் குற்றம் உறுதியானது. ஆனால் அங்கே சிறை, அதுவரை அனுபவித்த காலத்தோடு முடிந்தது. கூடவே 50 லட்சம் ரூபாயும் 2 ஆண்டு சமூக சேவையும். ஏழு உயிருக்கு மூன்று ஆண்டா என்று உங்களில் பலர் மனதுக்குள் கேட்பது எனக்குத் தெரிகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கும் முன்பு, குற்றம் நிரூபணமாவதற்கே என்ன வேண்டும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. நான் சொன்ன மூன்றாவது பிழை இங்கேதான் வருகிறது. அதற்கு நாம் மும்பைக்குப் போக வேண்டியதில்லை. நம் மியூசியம் சாலைக்கு வந்தால் போதும்.

2019 ஆகஸ்ட் 3, நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய ஒரு மணி. மியூசியம் காவல் நிலையத்துக்கு அருகே, வேகமாக வந்த கார் மோதி, 'சிராஜ்' நாளிதழின் திருவனந்தபுரம் அலுவலகப் பொறுப்பாளர் கே.எம். பஷீர் இறந்தார். காரை ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. தாம் குடித்திருக்கவில்லை என்பது அவர் தரப்பு. வழக்கின் தீர்ப்பை நான் இங்கே எழுத வரவில்லை. ஆகவே பெயரையும் விட்டுவிடுகிறேன். அந்த இரவின் நேரக்கணக்கு மட்டும் போதும்.

விபத்து நடந்தது காவல் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில். அதிகாரி பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். மருத்துவச் சீட்டில் மது வாடை குறிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. இரத்தம் எடுக்கப்படவில்லை. அங்கிருந்து அவர் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார். பரிசோதனைக்காக இரத்தம் எடுக்கப்பட்டபோது ஏறக்குறைய 9 மணி நேரம் கடந்திருந்தது. ஆய்வகத்தில் ஆல்கஹால் இல்லை என்று வந்தது. மியூசியம் காவல் நிலையத்தின் உதவி ஆய்வாளர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்.

இப்போது கொஞ்சம் உடலியல். உடலுக்குள் போன ஆல்கஹாலைக் கல்லீரல் ஒரே சீரான வேகத்தில் எரித்துத் தள்ளுகிறது. சராசரியாக, 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு மணிக்கு 15 மில்லிகிராம். ஆளுக்கு ஆள் கூடும், குறையும், ஆனால் நின்றுவிடாது. 9 மணி நேரத்தில் 135 மில்லிகிராம் கரைந்துவிடும். அதாவது, சட்ட வரம்பைப் போல நான்கு மடங்கு குடித்தவருக்கும் ஒரு சொட்டுக்கூடத் தொடாதவருக்கும், ஒன்பதாவது மணி நேரத்தில் எடுத்த இரத்தம் ஒரே விடையைத்தான் சொல்லும்.

இந்த இடத்தில் நிதானமாக யோசியுங்கள். தாமதமாக எடுத்த அந்த இரத்தம், அந்த அதிகாரி குடித்திருந்தார் என்று சொல்லவில்லை. குடித்திருக்கவில்லை என்றும் அதனால் சொல்ல முடியவில்லை. இறந்தவரின் குடும்பத்துக்கு உண்மை கிடைக்காமல் போனது. குற்றம் சாட்டப்பட்டவர் உண்மையிலேயே குடிக்காதவராக இருந்தால், அதை ஊருக்கு மெய்ப்பித்துக் காட்டும் வாய்ப்பு அவருக்கும் போனது. உரிய நேரத்தில் எடுத்த ஒரு சிறு குப்பி இரத்தம் இரண்டு தரப்புக்கும் நியாயம் செய்திருக்கும்.

பிறகு நடந்ததெல்லாம் அந்த வெற்றிடத்தைச் சுற்றித்தான். சஸ்பெண்ட் செய்யப்பட்ட அதிகாரி 2020 மார்ச்சில் பணிக்குத் திரும்பினார். 2022 அக்டோபர் 19 அன்று திருவனந்தபுரம் கூடுதல் செஷன்ஸ் நீதிமன்றம் 304ஆம் பிரிவுக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்து, அலட்சிய மரணம் உள்ளிட்ட பிரிவுகளை மட்டும் வைத்தது. 2023 ஏப்ரல் 13 அன்று கேரள உயர் நீதிமன்றம் அந்த விடுவிப்பை ரத்து செய்தது. முதல்நோக்கில் 304ஆம் பிரிவுக்கு இடமிருக்கிறது, விசாரணையில் முடிவாகட்டும் என்றது. காரில் உடனிருந்தவர் மீதான உடந்தைக் குற்றச்சாட்டை அதே நாளில் நீக்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று உச்ச நீதிமன்றம் அதிகாரியின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. எந்தப் பிரிவின் கீழ் விசாரிப்பது என்ற கேள்விக்கு மட்டுமே நான்கு ஆண்டுகள்.

சட்டத்தில் ஓட்டை இருந்ததா என்று கேட்பீர்கள். படித்துப் பாருங்கள். 203ஆம் பிரிவு, விபத்தில் சிக்கிய வண்டியின் ஓட்டுநர் குடித்திருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருந்தால் அங்கேயோ, காவல் நிலையத்திலோ, மருத்துவமனையிலோ ஊதச் சொல்லலாம் என்கிறது. 202ஆம் பிரிவு இன்னும் தெளிவு: 185இன் கீழ் கைது செய்யப்பட்டவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். 205ஆம் பிரிவின்படி, தகுந்த காரணமில்லாமல் பரிசோதனைக்கு மறுப்பதையே அரசுத் தரப்புச் சான்றுக்கு வலு சேர்க்கும் சூழ்நிலையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். கைதானவர் சம்மதிக்காவிட்டாலும், காவல் அதிகாரியின் வேண்டுகோளின் பேரில் மருத்துவர் இரத்தம் எடுக்கக் குற்றவியல் நடைமுறைகளுக்கான சட்டம் இடம் தருகிறது. சட்டத்தை எழுதியவர்கள் கடிகாரத்தை மறக்கவில்லை. நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் அதைப் பார்க்காமல் விட்டால், புத்தகத்தில் பத்தாண்டு என்று எழுதினாலும் நூறாண்டு என்று எழுதினாலும் பயனில்லை.

வாடை போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. 1971இலேயே பச்சுபாய் கார்யானி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. வாயில் மது வாடை, தள்ளாடும் நடை, விரிந்த கண்மணி, குழறிய பேச்சு இவற்றை மட்டும் வைத்து ஒருவரைக் குடிபோதைக்காரர் என்று முடிவு கட்ட முடியாது. இரத்தமோ சிறுநீரோ பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 2021 ஏப்ரலில் ஒரு காப்பீட்டு வழக்கில், டெல்லியில் விபத்துக்குள்ளான ஒரு போர்ஷே கார் தொடர்பாக, அதே உச்ச நீதிமன்றம் வேறு விதமாகப் பார்த்தது. நீதிபதி கே.எம். ஜோசப் அமர்ந்திருந்த அந்த அமர்வு, ஊதும் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் இல்லாவிட்டாலும், சூழ்நிலைகளை வைத்தே ஓட்டுநர் போதையில் இருந்தார் என்று காப்பீட்டு நிறுவனம் நிறுவ முடியும் என்றது. இதில் முரண்பாடு இல்லை. சிறைக்கு அனுப்பச் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும். பணத்தை மறுக்க, இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஆகவே பரிசோதனையைத் தாமதப்படுத்தினால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர் ஒரு கதவைத்தான் மூடுகிறார். மற்றொரு கதவு வழியாக ஐம்பது லட்ச ரூபாய்க் கடன் உள்ளே வந்துவிடும்.

நேரம் ஒரு பக்கம், சுத்தம் மறுபக்கம். சான்று சீக்கிரமாக எடுக்கப்பட்டால் மட்டும் போதாது, சரியாகவும் எடுக்கப்பட வேண்டும். 2024 மே 19 அன்று புணேயில் இரண்டு இளம் பொறியாளர்களின் உயிரைப் பறித்த கார் விபத்து நினைவிருக்கும். அங்கே இரத்த மாதிரியையே மாற்றிவிட்டதாகக் குற்றம் சாட்டி, அரசு மருத்துவமனையின் இரண்டு மருத்துவர்களைக் காவல்துறை கைது செய்தது. நடிகர் சல்மான் கானின் 2002ஆம் ஆண்டு வழக்கில், செஷன்ஸ் நீதிமன்றம் 2015 மே மாதம் விதித்த 5 ஆண்டுத் தண்டனை அதே ஆண்டு டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றத்தில் ரத்தானது. இரத்த மாதிரியைக் கையாண்ட விதமும் அங்கே கேள்விக்குள்ளானது.

கருவியும் தவறும். இது எங்கோ நடந்த கதை அல்ல. நம் மெடிக்கல் காலேஜ் பக்கம் பிடிபட்ட ஒரு ஸ்கூட்டர்காரரின் வழக்கு 2025இல் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆளை ஊதச் சொல்லும் முன், வெறும் காற்றை வைத்துக் கருவியைச் சோதிக்க வேண்டும்; அப்போது அது சுழியம் காட்ட வேண்டும். அவருடைய சோதனையிலோ வெறும் காற்றுக்கே கருவி ஆல்கஹால் காட்டியிருந்தது. அப்படிப்பட்ட கருவியின் எண்ணை நம்பி வழக்கு நடத்த முடியாது என்றது நீதிமன்றம்.

அதே ஆண்டு ஜூலையில் பந்தளம் டிப்போவில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பணிக்கு ஏறும் முன் ஊதிய பஸ் ஓட்டுநர்களின் மூச்சில் ஆல்கஹால் இருப்பதாகக் கருவி காட்டியது. அவர்கள் சாப்பிட்டிருந்தது பலாப்பழம்! சந்தேகம் தீர, குடிக்காதவர் ஒருவரை முதலில் ஊதவைத்து, பிறகு பலாச்சுளை தின்னவைத்து மீண்டும் ஊதவைத்தார்கள். எண் ஏறியது. நன்றாகப் பழுத்த பழத்தில் சர்க்கரை புளித்து, வாயில் கொஞ்சம் ஆல்கஹாலை விட்டுவைக்கிறது. சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. கருவி நேரடியாக இரத்தத்தை அளப்பதில்லை. மூச்சில் உள்ளதை அளந்து, இரத்தத்தில் இவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடுகிறது. வாயில் ஒட்டியிருப்பது அந்தக் கணக்கைக் குழப்பிவிடும். வாயைக் கொப்பளிக்கவைத்து, கால் மணி நேரம் பொறுத்து மறுபடி ஊதச் சொன்னால் பலாப்பழம் காணாமல் போகும், பிராந்தி போகாது. பிடிபட்டவருக்கு எண்ணில் நம்பிக்கை இல்லையென்றால், "இரத்தம் எடுங்கள்" என்று அவரே கேட்பதுதான் அவருக்கு நல்லது. குடிக்காதவருக்கு இதைவிடப் பெரிய வக்கீல் கிடையாது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மணிக்கு 15 என்ற அந்தக் கணக்கை உங்கள் மீதும் போட்டுப் பாருங்கள். நாகர்கோவிலில் நண்பன் கல்யாணம்; முதல் நாள் இரவு 12 மணிக்குக் குடித்து முடிக்கும்போது இரத்தத்தில் 150 என்று வையுங்கள். காலை 6 மணிக்கு எழுந்து, குளித்து, வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசிக் காரை எடுக்கும்போதும் உள்ளே 60 இருக்கும். சட்ட வரம்பைப் போல இரண்டு மடங்கு! நாரங்கா வெள்ளம், கட்டன் சாயா, குளிர்ந்த நீர்க் குளியல் எதுவும் கல்லீரலை அவசரப்படுத்தாது. தூக்கம் தெளிந்துவிட்டது என்பதால் போதை தெளிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

தண்டனையைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று ஒரு கட்சி உண்டு. 2023 பிப்ரவரியில் திருப்பூணித்துறையில், குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்ட ஓட்டுநர்களை, பள்ளிப் பிள்ளைகளைப் போல, 'இனி குடித்து வண்டி ஓட்ட மாட்டேன்' என்று ஆயிரம் முறை எழுதவைத்தார்கள் போலீஸார். படம் ஊரெல்லாம் பரவியது; நாமும் ரசித்தோம். அவமானம் ஒரு தண்டனைதான், மறுக்கவில்லை. ஆனால் அன்று அவர்களை மடக்கியது எழுதும் தாள் அல்ல, காலையிலேயே சாலையில் நின்று ஊதச் சொன்ன சோதனை. ஆறு மாதச் சிறையா ஆறு ஆண்டா என்று குடிக்கிறவர் கணக்குப் பார்ப்பதில்லை. "இன்னிக்கு மாட்டுவோமா?" என்றுதான் பார்க்கிறார். மாட்டுவோம் என்பது உறுதியானால் பத்தாயிரமே பயமுறுத்தும். உறுதியில்லாதபோது பத்தாண்டுச் சிறையும் பயமுறுத்தாது.

ஆகவே என் கோரிக்கைகள் தண்டனையைக் கூட்டச் சொல்வன அல்ல. உயிர்ச்சேதம் நேர்ந்த ஒவ்வொரு விபத்திலும், ஓட்டியவர் தினக்கூலியானாலும் அதிகாரியானாலும், முதல் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே பரிசோதனை நடக்கட்டும். அது காவல் ஆய்வாளரின் விருப்பத்தைப் பொறுத்ததாக இல்லாமல் நடைமுறையாகட்டும். வாடை என்று சீட்டில் எழுதும் மருத்துவர், "இரத்தம் எடுக்க வேண்டுகோள் தாருங்கள்" என்று காவலரிடம் கேட்டதையும், அவர் தந்த பதிலையும், மணியையும் சேர்த்து எழுதட்டும். இரத்தக் குப்பி கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கையெழுத்தும் ஒரு நேரமும் இருக்கட்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டாம். பெரிய செலவும் இல்லை.

நம் பங்கும் உண்டு. விருந்து முடிந்து கிளம்பும்போது குடித்தவர் கையிலிருந்து சாவியை வாங்கிவிடுங்கள். கோபித்துக்கொள்வார், நாளைக் காலை பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அது முடியாமல் போய், உங்கள் கண்ணெதிரே ஒரு விபத்து நடந்துவிட்டால், முதலில் அடிபட்டவரை மருத்துவமனைக்கு அனுப்புங்கள். பிறகு அங்கே நிற்கும் காவலரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: ஓட்டியவரைப் பரிசோதித்தீர்களா? எத்தனை மணிக்கு? இந்த இரண்டையும் கேட்கும் பழக்கம் ஊருக்கு வந்துவிட்டால், சட்டப் புத்தகத்தில் ஏற்கனவே எழுதியிருக்கும் தண்டனைகள் தாமாகவே வேலை செய்யத் தொடங்கும்.